பெரியப்பாவின் ‘கொழுந்து’

ஆறு வருஷத்துக்குப் பிறகு டொரொண்டோவிலிருந்து ஊருக்குப் போனேன். கொழும்புக் கோட்டையில் ரயிலேறி ஹட்டனில் இறங்கினேன். தேயிலைத் தோட்டத்து வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேரே ஆஸ்பத்திரிதான். பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பத்து நாளாகியிருந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. காலமெல்லாம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை, போர்வை மேல் அசையாமல் கிடந்தது.

பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே சொல்: கொழுந்து. தண்ணீர் வேண்டுமென்றாலும் கொழுந்து, வலித்தாலும் கொழுந்து. புத்தி தடுமாறிவிட்டது என்றே ஆஸ்பத்திரி வாட்டில் நினைத்தார்கள், தம்பியும் அதையேதான் சொன்னான். நான் டொரொண்டோவில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறவள். இப்படிப் பலரைப் பார்த்திருக்கிறேன். மூளையின் இடது பக்கம் பாதிக்கப்பட்டால் வலது பக்கம் விழுவதோடு பேச்சும் அறுந்துபோகலாம். பேச்சு போனால் புத்தியும் போனதாக அர்த்தமில்லை. 1861இல் பாரிஸில் புரோக்கா என்ற மருத்துவர் விவரித்த நோயாளிக்கும் ‘டான்’ என்ற ஒலிதான் மிஞ்சியிருந்தது.

மருந்துக்கும் படுக்கைக்கும் ஒரு சதம் கேட்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். தாதி மிஸ்மாரும் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் எதுவானாலும் என்னிடமே கேட்டார்கள். “சாப்பிட்டாரா? ராத்திரி தூங்கினாரா?” பெரியப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்டதும் சிங்களத்தில். 1987இலிருந்து தமிழும் ஆட்சிமொழி என்கிறது அரசியலமைப்பு. அந்தக் கட்டிலருகே அது கேட்கவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் இடது கையால் அடிவயிற்றைத் தட்டித் தட்டி, “கொழுந்து, கொழுந்து” என்றார். பசி என்று நினைத்துக் கஞ்சி கொண்டுவந்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடம்பிடிக்கிறார் என்றார்கள். எனக்கு நெஞ்சு பதறியது. குனிந்து, அவர் முகத்துக்கு நேரே ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

“பசிக்குதா பெரியப்பா?” காத்திருந்தேன்.

“நெஞ்சு வலிக்குதா?” காத்திருந்தேன்.

“ஒண்ணுக்கு முட்டுதா?”

என் கையை இறுகப் பிடித்தார். இந்த நோயில் ஆமாமும் இல்லையும்கூட மாறி வரும், அதனால் இன்னொரு தடவை மாற்றிக் கேட்டேன். அதே பிடி. போர்வையை விலக்கினால், சிறுநீர்க் குழாய் தொடைக்கடியில் மடங்கிக் கிடந்தது. மிஸ் வந்து நிமிர்த்தியதும் பை மளமளவென்று நிறைந்தது. அவர் கண்ணோரம் நனைந்திருந்தது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கு இலங்கையில் 1996இலேயே சட்டம் வந்துவிட்டது. இதற்கான ஐ.நா. உடன்படிக்கையையும் 2016இல் ஏற்றார்கள். வாட்டில் வேண்டியிருந்ததோ ஒரு பட அட்டையும் ஐந்து நிமிஷப் பொறுமையும்தான்.

அன்றிரவு வேலையிலிருந்த சின்ன வயது சிங்கள மிஸ் தானாகவே வந்து கேட்டார், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று. இருவரும் உட்கார்ந்து ஓர் அட்டையில் கோப்பை, கழிவறை, வலி, குளிர் என்று படம் வரைந்தோம். கீழே தமிழ்ச் சொல்லையும், அதன் உச்சரிப்பைச் சிங்கள எழுத்திலும் எழுதினார். பக்கத்துக் கட்டிலில் காது கேளாத ஓர் ஐயா இருந்தார். அவரிடம் எல்லோரும் முகக்கவசத்துக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தார்கள், உதடே தெரியாமல். அப்புறம் அவருக்கும் ஒன்று செய்தோம்.

விடியக்காலை பெரியப்பா அட்டையில் குளிர்ப் படத்தைத் தொட்டார். “சீயா, குளிருதா?” என்று மிஸ், சிங்களத்தில் தாத்தா என்று கூப்பிட்டு, அவர் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

“கொழுந்து.”

“சரி சீயா, கொழுந்து” என்று இரண்டாவது போர்வையைப் போர்த்திவிட்டார்.