நவம்பர் 9: பெர்லினில் ஒரு தேதியைத் தேடிய நடை

பெர்லினில் குடியேறி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற நவம்பர் 9 அன்றுதான், அந்தத் தேதியை மட்டுமே பொருளாகக் கொண்ட வழிகாட்டி நடை ஒன்றில் சேர்ந்தேன். 22 யூரோ கட்டணம், நான்கு மணி நேரம். கொடுத்த காசுக்கு மேலாகவே கிடைத்தது.

நாடாளுமன்றக் கட்டடமான ரைக்ஸ்டாக் முன்பு தொடங்கினோம். 1918-இல் இதே நாளில், பேரரசர் ஆட்சியை வீழ்த்திய புரட்சியின்போது, சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஷைடமான் அங்கிருந்து குடியரசை அறிவித்தார். சுமார் இரண்டு மணி நேரம் கழித்து, பேரரசரின் அரண்மனைப் பக்கம் தீவிர இடதுசாரித் தலைவர் லீப்னெக்ட் சோசலிசக் குடியரசை அறிவித்தார். அந்த அரண்மனை இடிக்கப்பட்டபோது காப்பாற்றிய முகப்பு வாயில், எதிரே உள்ள பழைய கிழக்கு ஜெர்மன் அரசுக் கட்டடத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. எத்தனையோ முறை அதைக் கடந்து போயிருக்கிறேன், நிமிர்ந்து பார்த்ததில்லை.

வழிகாட்டிப் பெண்மணி நாள்காட்டித் தாளைக் கிழித்து வாசிப்பதுபோல் ஆண்டுகளை ஒப்பிக்கவில்லை. அதுவே இந்த நடையின் உயிர். 1918 புரட்சியைத் துரோகம் என்று தூற்றிய ஹிட்லர், 1923-இல் மியூனிக்கில் ஆட்சியைக் கவிழ்க்கப் புறப்பட்டு, நவம்பர் 9 அன்று தோற்றார். அந்த நாளை நினைவுகூர 1938-இல் நாஜிக் கட்சித் தலைவர்கள் மியூனிக்கில் கூடியிருந்த இரவில்தான் ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் யூதர்களுக்கு எதிராகத் தூண்டிப் பேசினார். நாடெங்கும் யூதர்களின் வழிபாட்டிடங்கள் எரிந்தன, சுமார் 30,000 பேர் கைதானார்கள். மூன்று ஆண்டுகளும் ஒன்றன் கையை ஒன்று பிடித்து வந்தவை என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

என் மனக்குறை ஒன்றே ஒன்று. ஒரானியன்பர்கர் தெருவில், வட்டாரக் காவலர்கள் தடுத்ததால் அன்றிரவு எரிந்துபோகாமல் தப்பிய யூத ஜெபக்கூடத்தின் முன்பு எங்களுக்குக் கிடைத்தது ஐந்தே நிமிடம். நாஜிகளுக்குப் பலியானவர்களின் நினைவாக நடைபாதையில் பதித்த பித்தளைப் பெயர்க்கற்களை யாரோ துலக்கி, பக்கத்தில் மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். ஒரு பெயரை வாசித்து முடிப்பதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அழைத்துவிட்டார்கள். ரைக்ஸ்டாக் முன்பு புகைப்படத்துக்குச் செலவிட்ட அரை மணியை இங்கே தந்திருக்க வேண்டும்.

நடையின் முடிவு, பெர்லின் சுவர்க் காலத்தில் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே எல்லைச் சாவடியாக இருந்த போர்ன்ஹோல்மர் தெருப் பாலம். கிழக்கு ஜெர்மானியர் மேற்கே போக அனுமதிக்கும், மறுநாள் நடைமுறைக்கு வரவேண்டிய பயண விதியை, "உடனடியாக" என்று 1989-இல் இதே நாளில் கிழக்கு ஜெர்மன் ஆளுங்கட்சியின் ஷபோவ்ஸ்கி நிருபர்களிடம் சொல்லிவிட்டார். கூட்டம் நெருக்கியதில் நள்ளிரவுக்கு முன்பே இங்கே தடுப்பு திறந்தது. இந்த மகிழ்ச்சி 1938-இன் மேல் விழக் கூடாது என்பதும் ஒரு காரணமாகத்தான், தேசிய நாளுக்கு, இரு ஜெர்மனிகளும் இணைந்த அக்டோபர் 3-ஐத் தேர்ந்தார்களாம்.

நான்கரை மணிக்குள் இருட்டிவிடும். கையுறை கட்டாயம். ஜெபக்கூடத்துக்கு மட்டும் முந்தைய நாளே தனியாகப் போய் நின்றுவிட்டு வாருங்கள்.