காரைக்குடியில் ஒரு பணியாரக் கடை: அண்ணனோடு போய்வந்த அனுபவம்

கொப்புடையம்மன் கோயிலுக்குப் போகிற வழியில், சாயங்காலம் மட்டும் அடுப்பு மூட்டுகிற சின்னப் பலகாரக் கடை. வெள்ளைப் பணியாரம் அருமை, ஓரம் மொறுமொறு, நடுவில் பஞ்சு மாதிரி. வரமிளகாய்ச் சட்னியில் காரம் கொஞ்சம் தூக்கல். கந்தரப்பம் சுமார்தான், எண்ணெய் குடிக்கிறது.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. என் அண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரினியா, மனச்சிதைவு நோய். மாத்திரையில் காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன, அப்புறமும் நாள் முழுக்க அறையிலேயே கிடந்தார், எல்லோரும் சோம்பேறித்தனம் என்றார்கள், ஆர்வமும் பேச்சும் வற்றிப்போவதும் அந்த நோயின் அறிகுறிதான் என்று எங்களுக்கே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த சொந்தக்காரர், அவரைக் கூட்டிவர வேண்டாம் என்றார். வேறொரு கடையில் நாங்கள் உட்கார்ந்ததும் பெஞ்சு காலியானது.

இங்கே ஆச்சி முதல் நாளே "என்ன தம்பி, இன்னும் கொஞ்சம் சட்னி வைக்கவா?" என்று அவரிடமே கேட்டார், என்னிடம் இல்லை. மாத்திரையால் அண்ணனுக்குக் கை நடுங்கும், அதனால் டம்ளரைப் பாதிதான் நிரப்புவார். நாலு நாள் போகாவிட்டால் "எங்கப்பா ஆளையே காணோம்?" என்று விசாரிப்பார். இப்போது வாழையிலை நறுக்குவது அண்ணன் பொறுப்பு. கூட்டம் கூடினால் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார், யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் 6 மணிக்கு முன்பே கூட்டிப்போங்கள், அப்போது நெரிசல் இருக்காது. பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.