பித்தக்குழாய் அடைப்பு: பார்க்க எது, திறக்க எது?

கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, மலம் வெளுத்து, உடம்பெல்லாம் அரிக்கிறது என்றால் பித்தக்குழாய் அடைப்பைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். ஈரலில் சுரக்கும் பித்தம் குடலுக்கு இறங்க வழியில்லாமல் ரத்தத்தில் கலக்கிறது. வழியை மறிப்பது கல்லாக இருக்கலாம், கணையத்தின் தலைப்பகுதியில் வந்த கட்டியாகவும் இருக்கலாம்.

முதலில் எடுப்பது சாதாரண வயிற்று ஸ்கேன். குழாய் விரிந்திருந்தால் பெரும்பாலும் காட்டிவிடும். ஆனால் குழாயின் கீழ்முனையில் சிக்கிய கல்லைக் குடல் வாயு மறைத்துவிடும். ‘ஸ்கேனில் கல் இல்லை’ என்ற வரியை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது.

சரி, அடுத்தது எம்ஆர்சிபியா, ஈஆர்சிபியா? பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதால் குழப்பம் வருவது இயல்பு. எம்ஆர்சிபி ஒரு எம்ஆர்ஐ ஸ்கேன்தான். உடம்புக்குள் எந்தக் கருவியும் போகாது, கதிர்வீச்சும் கிடையாது. 5 மி.மீ.க்கும் சிறிய கற்கள் சில சமயம் அதில் தப்பிவிடும்; அவற்றைப் பிடிப்பதில் எண்டோஸ்கோபி (வாய் வழியாக விடும் கேமராக் குழாய்) வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்ட் கெட்டி.

ஈஆர்சிபியில் எண்டோஸ்கோப் வாய் வழியாகச் சிறுகுடல் வரை போகும். பித்தக்குழாயின் வாயைக் கொஞ்சம் கீறிக் கல்லை எடுப்பார்கள், அல்லது பித்தம் இறங்க வழிவிடும் சிறு குழாயான ஸ்டென்ட் வைப்பார்கள். 1968இல் வந்தபோது இதுவும் படம் பார்க்கும் முறைதான். கீறிக் கல்லெடுப்பது 1974இல் சேர்ந்தது. 100 பேருக்குச் செய்தால் ஏறக்குறைய 3 முதல் 10 பேருக்குக் கணைய அழற்சி வரலாம். அதனால் வெறுமனே பார்ப்பதற்கு மட்டும் ஈஆர்சிபி என்றால் நான் ஏன் என்று கேட்பேன். காமாலையோடு காய்ச்சலும் குளிர்நடுக்கமும் சேர்ந்தால் கதை வேறு: குழாயில் கிருமி ஏறியிருக்கலாம், தேங்கிய பித்தத்தை வடிப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

எண்டோஸ்கோப் எட்டாத இடத்தில் அடைப்பு இருந்தால் விலாப்பக்கம் ஊசி போட்டு ஈரல் வழியே வடிகால் வைப்பார்கள். வேலை நடக்கும், ஆனால் பெரும்பாலும் பித்தம் வடிந்து சேரும் பையை உடம்புக்கு வெளியே சுமந்து திரியவேண்டும்.

ஸ்டென்டிலும் இரண்டு வகை. பிளாஸ்டிக் மலிவு, கழற்றுவதும் எளிது. ஆனால் சுமார் 3 மாதத்தில் அடைத்துக்கொள்ளும். உலோகம் அகலமானது, நீண்ட நாள் தாங்கும். உறையில்லாத வகையை வைத்துவிட்டால் பிறகு எடுப்பது பெரும்பாடு. அடைப்புக்குக் காரணம் உறுதியாகும்வரை பிளாஸ்டிக்கோ உறையிட்ட உலோகமோதான் புத்திசாலித்தனம். பிளாஸ்டிக் என்றால் மாற்றவேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மஞ்சள் இறங்கியதும் உள்ளே ஸ்டென்ட் இருப்பதே பலருக்கு மறந்துபோகிறது.