மாடித் தண்ணீரை எங்கே இறக்குவது: ஜல்லிக் குழியா, உறைகிணறா, பழைய கிணறா, நிலத்தடித் தொட்டியான சம்ப்பா?

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளிலும் அது உண்டு. அனுமதிக்காக வரைபடத்தில் போடும் குழி ஒன்று, ஐப்பசி மழையைக் குடிக்கும் குழி வேறு. சென்னையில் 1,000 சதுர அடி மொட்டை மாடி உள்ள தனி வீடு ஒன்றை வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கலாம்.

மாடி 93 சதுர மீட்டர். 1 மி.மீ மழைக்கு 93 லிட்டர். தெறிப்பும் தளம் உறிஞ்சுவதும் போக சுமார் 80 லிட்டர் பைப்பில் இறங்கும். வடகிழக்குப் பருவத்தில் ஒரே நாளில் 50 மி.மீ பெய்வது அதிசயமில்லை. அன்றைக்கு 4,000 லிட்டர். நான்கு வழிகளையும் இந்த 4,000 லிட்டரை வைத்தே அளக்கலாம்.

அதிகம் தோண்டப்படுவது ஜல்லிக் குழி, காரணம் விலை. 3 அடிக்கு 3 அடி, 5 அடி ஆழம் என்றால் வெறும் குழி 1,270 லிட்டர் பிடிக்கும். அதை ஜல்லியால் நிரப்பியதும் இடுக்குகளில் மிஞ்சுவது 500 லிட்டர் அளவுதான். மண் சட்டென்று உறிஞ்சாவிட்டால் 6 மி.மீ மழைக்கே நிரம்பிவிடும்! மேலே பரப்பும் மணலில் வண்டல் படிந்து தோல் மாதிரி மூடிக்கொள்ளும். தண்ணீர் அதன்மேல் குளமாக நிற்கும். ஒவ்வொரு ஆவணியிலும் மேல் அரை அடி மணலை வாரி, அலசிப் போட வேண்டும். மூடியைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்ட வீடுகளில் அது நடக்கிற காரியமா?

சிமெண்ட் வளையங்களை (உறைகளை) ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் உறைகிணறு இதைவிட எவ்வளவோ மேல். 3 அடி விட்டம், 15 அடி ஆழம்; உள்ளே எதையும் கொட்டாமல் காலியாக விட்டால் 3,000 லிட்டர் நிற்கும். ஓட்டை போட்ட உறைகளாகப் பார்த்து வாங்குங்கள். இணைப்புகளில் கலவை பூசக் கூடாது. பூசினால் பக்கவாட்டில் தண்ணீர் போகும் வழி குறைந்துவிடும். அடையாறு, திருவான்மியூர் மாதிரி மணற்பாங்கான இடங்களில் இது மட்டுமே போதும். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர்ப் பக்கம் களிமண். அங்கே உறை களியிலேயே நின்றுவிட்டால் கொசுதான் வளரும். களியைத் தாண்டி மணல் தட்டும்வரை அடியில் துளை போட்டு இறக்க வேண்டும். கிண்டி, வேளச்சேரி பாறை நிலத்தில் ஒரே தெருவில் ஒரு வீட்டில் உறிஞ்சும், அடுத்த வீட்டில் உறிஞ்சாது.

ஆகவே உறை வாங்கும் முன் சோதித்துவிடுங்கள். 3 அடி ஆழத்துக்குச் சின்னக் குழி எடுத்து, ஒருமுறை தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பிக் குச்சியில் குறி வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். நாலு விரல்கூட இறங்கவில்லை என்றால் களிமண் கணக்குத்தான்.

வீட்டில் பழைய கிணறு இருந்தால் மற்ற யோசனையே வேண்டாம். வற்றிவிட்டது என்று கட்டட இடிசலைக் கொட்டி மூடுவதைப் போல நஷ்டம் வேறில்லை. ஒரு வடிகட்டித் தொட்டி வழியாக மாடிப் பைப்பைக் கிணற்றுக்குள் விட்டால் போதும். வண்டல் சேர்ந்தால் ஆள் இறக்காமல் இயந்திரத்தால் தூர் வாரலாம். போர்வெல்லுக்குள் நேராக விடுவதில் அந்த வசதி இல்லை. வடிகட்டித் துளைகள் அடைத்தால் போரே போச்சு. காக்கை எச்சமும் நேரே நிலத்தடி நீருக்குள் போகும்.

சம்ப்பில் பிடிப்பதுதான் கையோடு பலன் தருவது, உப்பில்லாத தண்ணீர். சிக்கல் இடம்தான்: 5,000 லிட்டர் சம்ப் காலியாக இருந்தாலே 63 மி.மீ-இல் நிரம்பும், பெரும்பாலும் அது பாதி மெட்ரோ வாட்டரோடு இருக்கும். முதல் மழைக் கழிவைத் தள்ள 4 அங்குல பைப்பைச் செங்குத்தாக நிறுத்தி, அடியில் எண்ட் கேப் (மூடி) போட்டுவிடுகிறார்கள். 3 மீட்டர் பைப்பில் நிற்பது சுமார் 25 லிட்டர். மாடியைக் கழுவும் முதல் 1 மி.மீ மட்டுமே 80 லிட்டர். கேட் வால்வு வைத்து, முதல் பத்து நிமிடம் கையால் வெளியே திருப்பிவிடுவது நம்பகமானது. ஆள் இல்லாத வீட்டுக்கு இது ஒத்துவராது.

எங்கள் தேர்வு: சம்ப் முதலில், அது நிரம்பி வழிவது கிணற்றுக்கோ உறைகிணற்றுக்கோ. ஜல்லிக் குழி, வேறு வழியே இல்லாத இடத்துக்கு.

முற்றத்துத் தண்ணீர் தனிக் கணக்கு. வண்டி எண்ணெயும் நாய்க் கழிவும் கலந்தது. சம்ப்புக்கும் கிணற்றுக்கும் ஆகாது. கேட் குறுக்கே ஓட்டை மூடி போட்ட 1 அடி வாய்க்கால், பிறகு 2 அடி வண்டல் தொட்டி, அதற்கப்புறமே தனி உறைகிணறு. கழிவுநீர் சேம்பரிலிருந்து முடிந்தவரை தள்ளி வையுங்கள். அந்த சேம்பருக்குள் மழைநீரை விடவே கூடாது. தெருமுனை மேன்ஹோல் பொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உறைகிணற்றின் வழிவுக் குழாயைத் தெரு மழைநீர் வடிகாலில் சேர்க்கும்போது மட்டம் பாருங்கள். பல வடிகால்களில் கள்ள இணைப்பில் சாக்கடையும் ஓடுகிறது. வடிகால் விளிம்பைவிடக் குழாய் தாழ்வாக இருந்தால், பெருமழை நாளில் அந்தத் தண்ணீர் திரும்பி உங்கள் உறைக்குள் இறங்கும். விளிம்புக்கு அரை அடி மேலே வையுங்கள். முடியாவிட்டால் ஒருவழி மடல் வால்வு போடுங்கள்.