நாடாவா, ஃபுஷிமியா: தண்ணீரால் பிரியும் இரண்டு சாகே

ஜப்பானில் அரிசியை நொதிக்கவைத்துச் செய்யும் மதுவான சாகே அதிகம் தயாராகும் இரண்டு ஊர்கள், கோபேயை ஒட்டிய நாடாவும் கியோட்டோவின் தெற்கேயுள்ள ஃபுஷிமியும். இரண்டிலும் நல்ல அரிசி, தேர்ந்த கைகள். வித்தியாசம் கிணற்றில்தான் தொடங்குகிறது.

1840 வாக்கில் யமமுரா தாசாஎமொன் என்பவருக்கு நாடா வட்டாரத்தின் நிஷினோமியாவிலும் உவோசாகியிலும் சாகே ஆலைகள் இருந்தன. நிஷினோமியா சாகே மட்டும் எப்போதும் உயர்ந்து நின்றது. அரிசியை மாற்றினார், ஆட்களை மாற்றினார், பலனில்லை. கடைசியில் அங்குள்ள கிணற்றுத் தண்ணீரை உவோசாகிக்குக் கொண்டுபோனபோது அங்கும் சாகே தேறியது. அதுதான் மியாமிசு. பொட்டாசியமும் பாஸ்பரஸும் நிறைந்த கடினத் தண்ணீர். இரும்பு மிகக் குறைவு. இரும்பு கூடினால் சாகே செம்பழுப்பாகி மணமும் கெடும். அதனால் லிட்டருக்கு 0.02 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரை ஆலைகள் ஏற்பதில்லை.

தாதுக்கள் ஈஸ்டுக்குத் தீனி. நாடாவில் நொதித்தல் வேகமெடுத்துச் சர்க்கரையைத் தின்று தீர்க்கிறது. சுவை இனிப்பின்றி வறண்டு, புளிப்பு எடுப்பாக நிற்கிறது. ஃபுஷிமித் தண்ணீர் அவ்வளவு கடினமில்லை. நொதித்தல் நிதானமாக நடக்க, புளிப்பு அடங்கி நாக்கில் மெத்தென்று இறங்கும். இது பொதுப்போக்குதான், ஃபுஷிமியிலும் வறண்ட சாகே உண்டு.

ஒப்பிட ஒரே வகையை எடுங்கள்: இரண்டுமே ஜுன்மாய் (ஆல்கஹால் தனியே சேர்க்காத சாகே), அரிசி தீட்டல் விகிதம், அதாவது தீட்டியபின் மிஞ்சும் பங்கு, 65 முதல் 70 சதவீதம், குப்பியில் அடைத்த மாதமும் நெருக்கமாக. ஒருபக்கம் அரிசியை மிக அதிகம் தீட்டிச் செய்யும் டைகின்ஜோ இருந்தால் அதன் பழ மணமே முந்திக்கொள்ளும், தண்ணீரின் குணம் தெரியாது. அடியில் நீல வளையமிட்ட வெள்ளைப் பீங்கான் கோப்பை நல்லது: வெள்ளையில் நிறமும், வளையத்தின் விளிம்பில் கலங்கலும் தெரியும். 15 டிகிரியில் ஒரு தேக்கரண்டி அளவு வாயில் எடுத்து, காற்றை உறிஞ்சி நாக்கெங்கும் பரப்பித் துப்புங்கள். ஃபுஷிமியை முதலில் சுவையுங்கள். நாடாவின் புளிப்புக்குப் பின் வந்தால் அது தண்ணீராகத் தோன்றும்.

உண்மையான பிரிவு சூட்டில் தெரியும். 180 மில்லி டோக்குரி ஜாடியில் சாகேயைக் கழுத்துவரை ஊற்றுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்தபின் ஜாடியை அதற்குள் இறக்குங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் வெப்பமானியால் பாருங்கள்: 45 டிகிரி போதும். நாடாவின் லாக்டிக், சக்சினிக் அமிலங்கள் இந்தச் சூட்டில் உருண்டு திரண்டு, மிசோ என்ற சோயா விழுதில் வேகவைத்த கானாங்கெளுத்தி மீனுக்கு ஈடுகொடுக்கும். ஃபுஷிமி 40ஐத் தாண்டினால் பெரும்பாலும் தளர்ந்துவிடுகிறது. அதற்கு 10 முதல் 15 டிகிரியும், கொம்பு என்னும் கடற்பாசியின் சாற்றில் வெந்த டோஃபுவும் பொருத்தம். 55ஐத் தாண்டினால் எந்தச் சாகேயிலும் ஆல்கஹால் ஆவி மூக்கில் குத்தும்.

பழைய வெங்காயம், ஊறுகாய் போல நாறினால் ஊரைக் குறைசொல்லாதீர்கள். வெப்பத்தில் கிடந்த குப்பி அது. வெயிலோ கடை விளக்கோ பட்டாலும் நிறமும் மணமும் கெடும். நிறமற்ற கண்ணாடிக் குப்பியைத் தவிர்த்து, திறந்ததைக் குளிர்பெட்டியில் வைத்து ஓரிரு வாரத்தில் முடியுங்கள்.

மூன்றாவதாக இன்னொரு சாகே வட்டாரமான நீகாட்டாவையும் சேர்ப்பவர்கள் அதை வரிசையின் தலையில் வைக்கவேண்டும். கோஹ்யாகுமன்கோகு அரிசியில் வரும் அந்த மெல்லிய, வறண்ட சாகே, பச்சை மீன் துண்டுகளான சஷிமிக்கு மிக நன்று. ஆனால் ஒரே குப்பி வாங்கிச் சூட்டிலும் குளிரிலும் குடிக்க நினைப்பவருக்கு எங்கள் தேர்வு நாடா ஜுன்மாய்தான்.