கூடல்வாய்க்கு எந்தத் தகடு? உப்புக் காற்றில் தகரம், அலுமினியம், செம்பு, எவர்சில்வர்

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் இருக்கும் எங்கள் வீட்டு மாடிக்கு ஷிங்கிள்ஸ் (ஒன்றன்மேல் ஒன்று ஏறும் மெல்லிய வில்லைகள்) கூரை போட்டபோது, இரண்டு சரிவும் பள்ளமாகச் சந்திக்கும் கூடல்வாயில் ஜி.ஐ. தகரம், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடுதான் விரித்தோம். நான்காம் ஆண்டு ஐப்பசியில் படுக்கையறைச் சுவரில் நீர் இறங்கியது. ஏறிப் பார்த்தால் தகட்டின் நடுப்பகுதி நன்றாகவே இருந்தது. ஷிங்கிள்ஸ் ஓரத்தைக் கத்தியால் நெம்பித் தூக்கினேன். அடியில் மறைந்திருந்த பகுதி சல்லடையாகியிருந்தது. விரல் பட்டதும் பழுப்புத் தூளாக உதிர்ந்தது.

வெளியே தெரியும் இடத்தை மழை கழுவிவிடுகிறது. ஓரத்துக்குள் புகுந்த உப்பைக் கழுவ ஒன்றுமில்லை. இரவு ஈரத்தில் நனைந்து, பகலில் காய்ந்து, மறுபடி நனைகிறது. நம் பக்கம் நல்ல மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். மற்ற மாதங்களில் கடற்காற்று கொண்டுவரும் உப்பு அப்படியே தங்கிவிடும். மதுரையில் நல்ல பெயர் வாங்கிய தகடு இங்கே தோற்பது இதனால்தான்.

தகரம் மலிவு, எந்த ஆசாரியும் மடிப்பார். பரவலாகக் கிடைப்பதில் சதுர மீட்டருக்கு, இருபுறமும் சேர்த்து, 120 கிராம் துத்தநாகப் பூச்சுதான் இருக்கும். 275 கிராம் பூச்சைக் கேட்டு வாங்கினால் கூடுதலாகத் தாங்கும். ஆனாலும் வெட்டிய விளிம்பும் ஆணி துளைத்த இடமும் முதலில் துருப்பிடிக்கும். கடலோரத்தில் இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அலுமினியம் செந்துருப் பிடிக்காது, இலேசானது, கையால் வளைக்கலாம். அதன் எதிரி சிமெண்ட். ஈரச் சிமெண்டின் காரம் அதை அரித்துவிடும். கூடல்வாயின் தலைப்பில், முகடு தொடங்கும் இடத்தில், ஒரு கரண்டி கலவை வைத்துப் பூசாமல் நம் கொத்தனார்களுக்கு மனம் ஆறாது. அங்கேதான் வெள்ளைப் பொடி பூத்துக் குழி விழும். கலவை படாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள முடியுமானால், கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் வீடுகளுக்கு இதுவே போதும். 0.9 மில்லிமீட்டர் கனம் கேளுங்கள்.

செம்பு நெடுங்காலம் நீடிக்கும். ஆனால் அதிலிருந்து வழியும் நீர் கீழே உள்ள அலுமினிய, ஜி.ஐ. தாழ்வாரக் குழாயைத் தின்றுவிடும். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் பூட்டிய வீடுகளில் திருட்டுப் பயம் வேறு.

பாம்பன், தங்கச்சிமடம் போல அலைச்சாரல் எட்டும் இடத்துக்கு எவர்சில்வர்தான் என் தேர்வு, அதிலும் 316 ரகம். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பின் அரிப்பைத் தாங்குகிறது. 304 ரகம் இங்கே தேநீர்க் கறைபோல் பழுப்பேறும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் கான்கிரீட்டுக்குள்ளும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளே போடப்பட்டிருக்கின்றன. விலை கனக்கும், கூரைமேல் வைத்து மடிக்க வராது, அளவு கொடுத்துப் பட்டறையில் மடித்து வாங்க வேண்டும். கூடல்வாய் என்பது சில அடிகள்தான் என்பதால் அந்தச் செலவை நான் பெரிதாக எண்ணவில்லை.

ஷிங்கிள்ஸையே குறுக்கே ஓட்டி மூடிவிடும் முறையில் தகடே வேண்டாம் என்பார்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் பத்து மணி நேரத்தில் 41 சென்டிமீட்டர் கொட்டியதைப் பார்த்தவன், மூடிய கூடல்வாயை நம்ப மாட்டான். காற்றில் வரும் மணலும் வேப்பிலையும் அதில் அடைத்துக்கொள்ளும். திறந்த முறையே நல்லது: 24 அங்குல அகலத் தகடு, நடுவில் ஓர் அங்குல உயர மடிப்பு. ஒரு சரிவில் வேகமாக இறங்கும் நீர் எதிர்ச் சரிவின் ஷிங்கிள்ஸுக்குள் ஏறாமல் அந்த மடிப்பு தடுக்கும்.

ஷிங்கிள்ஸுக்கு அடிக்கும் ஆணி நடுக்கோட்டிலிருந்து 6 அங்குலத்துக்குள் வரக்கூடாது. தகட்டை நிறுத்த அதைத் துளைக்காமல், விளிம்பை மடித்துக் கொக்கிகளால் பிடிக்க வேண்டும். வெயிலில் விரிந்து சுருங்க அதற்கு இடம் வேண்டும். கொக்கியும் ஆணியும் தகட்டின் உலோகத்திலேயே இருக்கட்டும். எங்கள் வீட்டில் தகரத்தை எடுத்துவிட்டு 316 தகடு இறங்கியபோது ஆசாரி பையிலிருந்து எடுத்தது சாதாரண இரும்பு ஆணி. அன்று வேலையை நிறுத்திவிட்டு, சரியான ஆணி வந்த பிறகே மறுபடி ஏறச் சொன்னேன்.