தித்தோனஸா, எண்டிமியனா?

கிரேக்கப் புராணங்களில் தேவியர் காதலித்த மனிதர்கள் நிறையப் பேர். நன்றாக முடிந்த கதைதான் குறைவு. டிராய் இளவரசன் தித்தோனஸுக்காக, விடியலின் தேவி ஈயோஸ் தேவர்களின் அரசன் சீயஸிடம் சாகாவரம் கேட்டாள். இளமையையும் சேர்த்துக் கேட்க மறந்துவிட்டாள்! அவன் சாகவில்லை, கிழடு தட்டிக்கொண்டே போனான். கை கால் அசையாமல் போனதும் ஓர் அறையில் கிடத்திக் கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே ஓயாத பிதற்றல். பிற்காலக் கதைகள் இரக்கப்பட்டு அவனைச் சில்வண்டாக்கின.

நிலாத் தேவி செலீனி காதலித்த எண்டிமியனுக்கோ மூப்பில்லாத நித்திய உறக்கம். லத்மோஸ் மலைக் குகையில் அழகு குலையாமல் கிடக்கிறான். அவர்களுக்கு 50 பெண்கள் வேறு பிறந்தார்களாம்.

என்னைக் கேட்டால் எண்டிமியன் பாடு தேவலை. ஒரு கதையின்படி, என்ன வேண்டும் என்று சீயஸ் கேட்டபோது அந்த உறக்கத்தைத் தேர்ந்தெடுத்தவன் அவனேதான். தித்தோனஸிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.